ஹட்சன் நதிக்கரையில் ஒரு பென்ஜோ

நியூயோர்க் என்றதும் வானளாவிய கட்டடங்களும் ஓய்வின்றி ஓடும் மனிதக் கூட்டமும்தான் நம் கண்முன் வரும். அந்த மாநகரத்தின் மேற்கு ஓரமாக ஒரு பெரிய நதி ஓடுவதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஹட்சன் என்பது அதன் பெயர். நதியோடு ஒட்டி வடக்கே ஒன்றரை மணித்தியாலம் பயணம் செய்தால் பீக்கன் என்னும் சிற்றூர் வரும். பீற் சீகர் என்ற பென்ஜோ வாத்தியக்காரரும் அவரது மனைவி தோஷியும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்தைப் பார்த்துக் கொள்வது போல ஒரு நதியைப் பார்த்துக் கொண்ட கதை அங்கே இருக்கிறது. வாருங்கள் சகோதரிகளே, புகையிரதத்தில் ஏறுவோம்.

இடப்பக்க யன்னல்

கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஏறியதும் இடப்பக்க யன்னலோரமாக இடம் பிடித்துக் கொள்ளுங்கள். நகரத்தைத் தாண்டியதும் தண்டவாளம் நதிக்கரையிலேயே ஓடத் தொடங்கிவிடும். டாரிடவுன் என்ற இடத்தை நெருங்கும்போது நதி ஏறக்குறைய மூன்று மைல் அகலமாக விரிந்து கிடக்கும். மறுகரை மெல்லிய புகைக் கோடாகத் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் இதைக் கடல் என்றே எண்ணிவிடக் கூடும். அப்படி எண்ணுவதில் முழுத் தவறும் இல்லை. கடலின் வற்றுப் பெருக்கு இந்நதியில் 150 மைல் தூரம் உள்ளே, ட்ரோய் நகரம் வரை ஏறி இறங்குகிறது. ஆகவே சில மணித்தியாலங்கள் தெற்கே ஓடும் தண்ணீர், பெருக்கு வரும்போது திரும்பி வடக்கே ஓடும். அந்நாட்டின் பூர்வீகக் குடிகள் இதற்கு வைத்த பெயருக்கு இரு பக்கமும் ஓடும் நதி என்று பொருள் கூறுவார்கள்.

பீக்ஸ்கில் என்ற நிலையம் வரும்போது சற்று நிமிர்ந்து உட்காருங்கள். 1949 செப்டெம்பர் மாதத்தில் இந்த ஊருக்கு அருகே ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. போல் ரொப்சன் என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் அதில் பாடினார். நிறவெறியும் அரசியல் பகையும் கொண்ட ஒரு கூட்டம், நிகழ்ச்சி முடிந்து திரும்பியவர்களின் வாகனங்கள் மீது கல்மாரி பொழிந்தது. மனைவி மக்களுடன் சீகர் வந்த காரின் கண்ணாடிகளும் உடைந்தன. உள்ளே வந்து விழுந்த கற்களை அவர் வீசி எறியவில்லை. பின்னர் பீக்கனில் தன் கையாலேயே வீடு கட்டியபோது அவற்றைப் புகைபோக்கிச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார். தன் பிள்ளைகளைக் காயப்படுத்த எறியப்பட்ட கல், அதே பிள்ளைகள் குளிர்காயும் அடுப்பின் சுவராகிவிட்டது.

அடுத்து இருபுறமும் மலைகள் நெருங்கி வரும். நதி ஒடுங்கி ஆழமாகும். ஒரு சிறு தீவில் பாழடைந்த கோட்டை ஒன்று தெரிந்தால் பீக்கன் வந்துவிட்டது என்று அறிந்து கொள்ளலாம். அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்தில் எதிரி வருவதை அறிவிக்க இந்த மலையுச்சியில் தீ மூட்டினார்களாம். ஊருக்குப் பெயர் வந்த காரணம் அதுதான்.

றபானுக்குக் கழுத்து முளைத்தால்

பென்ஜோ என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? நமது றபானுக்கு ஒரு நீண்ட மரக் கழுத்தைப் பொருத்தி, அதன் தோல் மீது கம்பிகளை இழுத்துக் கட்டியதாக எண்ணிக் கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுதான் பென்ஜோ. இன்று அமெரிக்க மலைநாட்டு வெள்ளையரின் வாத்தியம் என்று பலர் நினைத்தாலும் இதன் வேர் ஆபிரிக்காவில் இருக்கிறது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள், தம் தாயகத்து வாத்தியங்களின் நினைவில் சுரைக் குடுவையில் தோல் போர்த்தி இதைச் செய்தார்கள். கம்பியா, செனகல் நாடுகளில் ஜோலா இன மக்கள் இன்றும் வாசிக்கும் அகொண்டிங் என்ற வாத்தியம் இதன் நெருங்கிய உறவு என்கிறார்கள் ஆய்வாளர்கள். எல்லாம் பறிக்கப்பட்ட மனிதர்கள் நினைவில் சுமந்து வந்த சொத்து அது.

1919இல் பிறந்த சீகர் இசை அறிந்த குடும்பத்தவர். தகப்பனார் இசை ஆய்வாளர். தாயார் வயலின் வாசிப்பவர். 1936ஆம் ஆண்டு, பதினேழு வயதில், வட கரோலினா மாநிலத்தின் அஷ்வில் நகரத்தில் நடந்த மலைநாட்டு இசை விழா ஒன்றில் ஐந்து கம்பிப் பென்ஜோவைக் கேட்டார். அன்றிலிருந்து அதன் பிடியிலிருந்து அவர் விடுபடவேயில்லை.

இந்த வாத்தியத்துக்கு ஒரு குணம் உண்டு. வயலினைப் போல ஒரு நாதத்தை நீட்டி இழுக்க இதனால் முடியாது. தட்டிய ஒலி உடனே செத்துவிடும். ஆகவே வாசிப்பவர் ஓயாமல் விரலை அசைத்துக் கொண்டேயிருக்க வேண்டும். சின்னஞ்சிறு ஒலிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துதான் ஒரு பாட்டு உண்டாகிறது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

தோஷியின் குடம்

சீகரும் தோஷியும் 1943இல் மணம் புரிந்தவர்கள். தோஷியின் தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். அந்நாடுகள் இரண்டும் போரிட்டுக் கொண்டிருந்த ஆண்டில் நடந்த திருமணம் அது. 1949இல் பீக்கன் மலைச்சரிவில் பதினேழு ஏக்கருக்குச் சற்று அதிகமான காட்டு நிலத்தை மலிவாக வாங்கினார்கள். மரக்கட்டை வீடு கட்டும் முறையை நியூயோர்க் பொது நூலகத்துப் புத்தகங்களிலிருந்து படித்துக் கொண்டு, மரம் வெட்டி, நண்பர்களின் உதவியோடு வீடு எழுப்பினார் சீகர்.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் குசினிப் பக்கமாகவும் எட்டிப் பாருங்கள். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக் கொண்டு ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்ததும், வெளி அடுப்பில் சமைத்ததும் தோஷிதான். கணவர் ஊர் ஊராகப் பாடப் போன நாட்களில் வீட்டையும் வரவு செலவையும் நிகழ்ச்சித் திகதிகளையும் கவனித்ததும் அவரே. பிற்காலத்தில் நதிக்காக நடந்த பெரும் இசை விழாக்களை ஒழுங்கு செய்ததிலும் அவர் பங்கு பெரிது. மேடையில் கைதட்டல் கணவருக்குக் கிடைத்தது. மேடை சாயாமல் தாங்கிய தூண் யார் என்பது அருகில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

நெருக்கடியும் வந்தது. 1955இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு ஒன்று சீகரை அழைத்து, அவரது அரசியல் தொடர்புகள் பற்றிக் கேட்டது. மனிதரின் கொள்கையும் நம்பிக்கையும் அவரவர் சொந்த விடயம் என்று கூறி அவர் பதில் சொல்ல மறுத்தார். 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே மேன்முறையீட்டில் அது தள்ளுபடியானது. ஆனாலும் 1967 வரை பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அந்நாட்களில் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் சிறுவர் முகாம்களிலும் பாடித்தான் குடும்பம் நடந்தது. சொந்த ஊரிலேயே சிலர் அவரைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள்.

சாக்கடையான நதி

இத்தனை அழகான நதி அந்நாளில் எப்படி இருந்தது தெரியுமா? நகரங்களின் மலக்கழிவு சுத்திகரிக்கப்படாமல் அதில் கலந்தது. தொழிற்சாலைகள் எண்ணெயையும் சாயத்தையும் கொட்டின. அன்று கார்களுக்கு எந்த நிறம் பூசினார்கள் என்பதை நதித் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று கரையோர மக்கள் பேசிக் கொள்வார்களாம். பீக்கன் நகரத்துக் கரையோ ஊர்க் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு இதைவிடப் பெரியது. நதியின் மேற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இரு தொழிற்சாலைகள் 1947 முதல் 1977 வரை பீசீபீ என்ற இரசாயனத்தை நதியில் விட்டன. அது 13 இலட்சம் இறாத்தல் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அது சேற்றில் படிந்து, புழுவுக்கும் மீனுக்கும் சென்று, மீனை உண்பவர் உடலிலும் சேர்ந்துவிடும்.

பாட்டுப் பாடிக் கட்டிய கப்பல்

இந்நிலையில் ஒரு நண்பர், பழங்காலத்தில் ஹட்சனில் ஓடிய பாய்க்கப்பல்களைப் பற்றி 1908இல் வெளிவந்த நூல் ஒன்றைச் சீகரிடம் கொடுத்தார். அப்படி ஒரு கப்பலை மீண்டும் கட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நாறும் நதியில் அழகான கப்பல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவர் போட்ட கணக்கு எளிமையானது. மக்கள் நதிக்கு முதுகைக் காட்டிக் கொண்டு வாழ்கிறார்கள். அவர்களைத் தண்ணீரருகே அழைத்து வர வேண்டும். கிட்ட வந்து பார்த்தவர் நேசிப்பார்; நேசிப்பவர் அழுக்காக்க விடமாட்டார்.

நதிக்கரை ஊர்களில் பாட்டு நிகழ்ச்சிகள் வைத்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார்கள். 106 அடி நீளமான அந்தக் கப்பல் 1969 மே மாதம் மெய்ன் மாநிலத்தில் நீரில் இறங்கியது. 'தெளிந்த நீர்' என்று பொருள்படக் கிளியர்வோட்டர் எனப் பெயரிட்டார்கள். 1970இல் அது தலைநகர் வாஷிங்டன் வரை சென்று நதியின் முறைப்பாட்டைச் சொன்னது. 1972இல் தூய நீர்ச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்துக்காக உழைத்த எண்ணற்ற கைகளில் ஹட்சன் கரையினரின் கைகளும் இருந்தன.

அன்று முதல் இலட்சக்கணக்கான சிறுவர்கள் அக்கப்பலில் ஏறியிருக்கிறார்கள். கனத்த பாயை உயர்த்தக் கயிறு பிடித்து எல்லோரும் ஒன்றாக இழுக்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் பாட்டோடு இழுப்பதை நினைத்துக் கொள்ளுங்கள், அதே தத்துவம்தான். பின் சிறு வலை போட்டு அகப்படும் மீன்களைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்து, பெயர் அறிந்து, மீண்டும் நதியிலேயே விட்டுவிடுவார்கள்.

பீக்கனில் நதிக்கரைச் சங்கம் ஒன்றும் உருவானது. அவரவர் வீட்டில் சமைத்ததைக் கொண்டு வந்து பகிர்ந்து உண்பது அதன் வழக்கம். ஜூன் மாதத்தில் ஸ்ட்ரோபெரிப் பழ விழா, கோடையில் சோள விழா, இலையுதிர் காலத்தில் பூசணி விழா. அரசியல் பேசினால் முகம் திருப்புகிறவரும் பழம் வைத்த கேக்கை மறுக்கமாட்டார் அல்லவா? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பிறகு சேர்ந்து குப்பை பொறுக்கினார்கள். அன்றைய குப்பை மேடு இன்று புல் வெளியும் மரநிழலும் கொண்ட பூங்கா. அதற்குப் பீற், தோஷி என்ற இருவரின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

முடியாத வேலை

நதி முழுவதும் குணமாகிவிட்டதா? இல்லை. தண்ணீர் தெளிந்துவிட்டது, பல இடங்களில் மக்கள் நீந்துகிறார்கள். காணாமற் போயிருந்த வெண்தலைக் கழுகுகள் திரும்பி வந்து கூடு கட்டுகின்றன. ஆனால் அடிச் சேற்றின் நஞ்சு முற்றாக நீங்கவில்லை. 2009 முதல் 2015 வரை பெரும் பொருட்செலவில் மேற்பகுதிச் சேற்றைத் தோண்டி அகற்றினார்கள். அப்படியும், இந்நதி மீனை உண்பதில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் சிறுவரும் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சுகாதாரத் திணைக்களம் நீண்ட காலமாக அறிவுறுத்தி வந்திருக்கிறது. முப்பது ஆண்டுகள் கொட்டியதை அள்ள எத்தனை ஆண்டுகள் வேண்டும் பாருங்கள். அதன் சுமை முதலில் வந்து நிற்பதும் தாயின் சமையல் சட்டியில்தான்.

இத்தகைய நேரங்களில் சீகர் ஓர் உவமை சொல்வார். சிறுவர் பூங்காவில் இருக்கும் சீசோ பலகையை எண்ணிக் கொள்ளுங்கள். ஒரு முனையில் பாறாங்கற்கள் நிறைந்த கூடை தரையில் அழுந்திக் கிடக்கிறது. மேலே தூக்கிய மறுமுனையில் கால்வாசி மணல் உள்ள கூடை. சிலர் தேக்கரண்டியால் அதில் மணல் போடுகிறார்கள். கூடை ஒழுகுகிறது, உங்கள் முயற்சி வீண் என்று பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் கரண்டியோடு வருகிறவர்கள் நாளுக்கு நாள் கூடுகிறார்கள். ஒருநாள் பலகை சட்டென்று மறுபக்கம் சாயும். இவ்வளவு விரைவாக எப்படி நடந்தது என்று எல்லோரும் வியப்பார்கள்.

பென்ஜோவின் குணத்தைச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? எந்த ஒலியும் நிலைப்பதில்லை. அடுத்தது விழுந்து கொண்டேயிருப்பதால்தான் பாட்டு நிற்கிறது. தோஷி சுமந்த ஒவ்வொரு குடம் தண்ணீரும் அன்றன்றே தீர்ந்து போனதுதான். அந்த வீடு அதில்தான் நின்றது. சகோதரிகளே, காலையில் கூட்டிய முற்றம் மாலையில் மீண்டும் குப்பையாவதைக் கண்டு நாம் சலித்துக் கொள்கிறோம். முடிவில்லாத இந்தச் சிறு வேலைகளைச் செய்யப் பழகிய கைகளைவிட ஒரு நதியைக் காக்கத் தகுந்த கைகள் வேறு எவை?

தோஷி 2013 ஜூலையில், எழுபதாவது திருமண நாளுக்குப் பதினொரு நாட்கள் இருக்கும்போது காலமானார். சீகர் 2014 ஜனவரியில், 94 வயதில் மறைந்தார். இறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன்பும் அவர் விறகு கொத்திக் கொண்டிருந்ததாகப் பேரன் கூறினார்.

உங்கள் வீட்டுக்கு அருகிலும் ஓர் ஆறோ குளமோ வாய்க்காலோ இருக்கும். அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு அதன் கரைக்குப் போய் வாருங்கள். தின்பதற்கு ஏதாவது செய்து எடுத்துக் கொள்ளுங்கள். திரும்பும்போது கரையில் கிடக்கும் பொலித்தீன் பைகளில் நாலைந்தையாவது பொறுக்கி வாருங்கள்.