பரணில் கிடக்கும் லேப்டாப்



2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி உங்களில் பலர் வீட்டுப் பரணில் கிடக்கும். "சூடாகுது சார், சார்ஜ் நிக்கல" என்பீர்கள். தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன்.

லினக்ஸில் கெர்னல் என்பது நம் கல்லணை மாதிரி. தண்ணீர் குறைந்தால் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்து விடுகிறார்கள் அல்லவா? கெர்னலும் வேலை இல்லாதபோது பிராசசரின் வேகத்தைக் குறைக்கும். லேப்டாப் தூங்கும்போது ராமுக்கு மட்டும் மின்சாரம் விட்டு, மற்றதில் பெரும்பகுதியை நிறுத்திவிடும்.

ஆனால் வைஃபை, கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய டிரைவர் கெர்னலிடம் இருக்க வேண்டும். டிரைவர் இல்லாத கருவி ஷட்டர் இல்லாத வாய்க்கால். அதற்கு முறை வைக்க முடியாது, மின்சாரம் வீணாகலாம்.

டெபியன் போன்ற லினக்ஸை இலவசமாகவே போடலாம். அதன் கெர்னலில் பழைய கருவிகள் பலவற்றுக்கும் டிரைவர் உண்டு. செத்த பேட்டரியை மட்டும் கெர்னல் பிழைக்க வைக்காது; மாற்றத்தான் வேண்டும்.

2018 கஜா புயலில் டெல்டாவில் பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. பேட்டரியில் கூடுதலாக நிற்கும் அரை மணி நேரத்தின் அருமை நமக்குத் தெரியும். பரணிலிருந்து இறக்குங்கள், படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.