எந்த ஆண்டு மரித்தார்?

சட்டம் எளிமையானது, வழக்கறிஞர்கள்தாம் அதைச் சிக்கலாக்குகிறார்கள் என்று நாமும் ஒரு காலத்தில் உறுதியாக நம்பியிருந்தோம்.

1986 பிப்ரவரியில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கும் தந்தையின் சொத்தில் சமபங்கு என்று செய்தி வந்தது. 1956இல் தமிழகத்தோடு இணையும்வரை அந்த மண்ணையே சேர்ந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்தார்க்கு அது அயலூர்ச் செய்தியன்று. நாளிதழோடு நேரே அத்தை வீட்டுக்குச் சென்றோம். எம் தந்தையார் அனுபவித்து வந்த தென்னந்தோப்பில் அத்தைக்கும் பங்குண்டு என்றோம். (தந்தையாரிடம் சொல்லவில்லை.)

நாகர்கோவில் வழக்கறிஞர் தீர்ப்பைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்க அப்பா மரிச்சது எந்த வருஷம்?" என்றுதான் கேட்டார். 1950 ஆகஸ்டு என்றார் அத்தை.

நீதிமன்றம் 1986இல் புதுச் சட்டம் எதையும் இயற்றிவிடவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே இங்குச் செல்லும் என்றது; அவ்வளவே. முப்பத்தைந்து ஆண்டுகள், இல்லாத சட்டத்தை நம்பிப் பாகம் பிரித்திருக்கிறோம்! சென்னை உயர்நீதிமன்றமே 1970களில் இதில் இருவேறு தீர்ப்புகளை அளித்திருக்கையில், நம்மைச் சொல்வானேன்?

தாத்தா கண்மூடியதோ அந்த ஏப்ரலுக்கு முன்பு. எனவே 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்ச் சட்டமே அவர் சொத்துக்குப் பொருந்தும். அதில் மகளுக்கு, மகன் பங்கில் கால்பகுதி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. சீதனம் பெற்றிருந்தால் அதுவும் இல்லை. இலத்தீன் வழிபாட்டுமுறைக் கத்தோலிக்கருள் சமபங்கு வழக்கமுடைய சில பிரிவினருக்கு அச்சட்டமே விலக்களித்திருந்தது. எம்மவரிடையே அவ்வழக்கம் இல்லை. அத்தைக்குச் சீதனமும் கொடுத்தாயிற்று. புதிய சட்டத்திலும், உயில் எழுதாமல் இறந்தவர் சொத்தில்தான் சமபங்கு. நாம் படித்த செய்தியில் உயில் என்ற சொல்லே இல்லை.

பத்துக் கட்டளைகளைப் போல ஒவ்வொரு சட்டமும் ஒரே வரியில் நிற்கும் என்று எண்ணிவிடுகிறோம். யார், எங்கே, எப்போது என்று கேட்ட பிறகே அது பேசத் தொடங்குகிறது.

திரும்பும் பேருந்தில் அத்தை கேட்டார்: "அப்பா இன்னும் எட்டு மாசம் இருந்திருந்தா கெடச்சிருக்குமா மக்களே?"

கிடைத்திருக்கும் என்றோம். இறங்கும்வரை அவர் வேறெதுவும் பேசவில்லை.

அன்றிரவு தந்தையாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நாம் பார்த்திருக்க வேண்டாம். அடுத்த தேங்காய் வெட்டின்போது அத்தை வீட்டுக்கு ஐம்பது காய் அனுப்பினார். அவை அப்படியே திரும்பி வந்தன.