அக்கா சொன்ன ஷாவ்லின்

விளக்கு அணைந்ததும் திரையில் வரிவரியான வண்ணக் கண்ணாடி போல ஒன்று ஒளிரும். நடுவில் ஒரு கேடயம், அதற்குள் எஸ்.பி. என்று இரண்டு எழுத்து. எக்காளம் முழங்கும். அது அடங்குவதற்குள் அக்கா என் பக்கம் சாய்ந்துவிடுவாள். தேங்காய் எண்ணெயும் குவாச்சிக் கொட்டையின் உப்பும் கலந்த வாசனையோடு அவள் மூச்சு என் காதில் படும். “தம்பி, நல்லா பாத்துக்கோ. இவன்தான் நல்லவன்.” திரையில் அதுவரை ஒருவன்கூட வாய் திறந்திருக்க மாட்டான். அக்காவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கும்.

அது 1979. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரி டவுனுக்குப் போகும். பெரியவர்கள் சாமான் வாங்குவார்கள், சீட்டுப் பணம் கட்டுவார்கள். நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் அக்காவின் பின்னால் கொட்டகைக்கு ஓடுவோம். எம்.ஜி.ஆர். படம் ஓடினால் அது. சீனப் படம் ஓடினால் இன்னும் சந்தோஷம். திரைக்கு ஒட்டிய முன்வரிசைக்கு ஐம்பது காசு. வாசலில் கச்சாங் பூத்தே விற்பவர் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, வறுத்த கடலையும் முறுக்குத் துண்டும் போட்டுத் தருவார். ஈப்போ புந்தோங்கில் அந்தத் தொழிலையே குடிசைத் தொழிலாகச் செய்யும் தமிழர்கள் இன்றும் இருக்கிறார்கள். எண்பதுகள் வரைக்கும் மலேசியாவில் படம் பார்த்த எந்தச் சீனரைக் கேட்டாலும் கச்சாங் பூத்தேவையும் சேர்த்துத்தான் நினைவு சொல்வார்.

அந்தச் சீனப் படங்கள் எங்களுக்கு அந்நியமாக இருந்ததே இல்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஹாங்காங்கில் பெரிய ஸ்டூடியோ கட்டுவதற்கு வெகு முன்பே ஷா சகோதரர்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் காலூன்றியிருந்தார்கள். 1920களில் ரன்மி ஷாவும் அவர் தம்பி ரன் ரன் ஷாவும் இங்கே வந்து, படப்பெட்டியையும் திரையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகவும் தோட்டம் தோட்டமாகவும் போய்க் காட்டினார்கள். அவர்களுடைய சிங்கப்பூர் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்கள் எடுத்தவர்களில் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணனும் ஒருவர். பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக வைத்து 1950இல் ‘பக்தி’ எடுத்தது அவர்தான். இதெல்லாம் அந்த வயதில் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது அந்தக் கேடயமும் எக்காளமும்தான்.

படம் பேசுவது மாண்டரின். எங்கள் பக்கத்துச் சீனர்களில் பலர் வீட்டில் பேசுவது கன்டனீஸ். சீனப் பள்ளிக்கூடம் போன இளவட்டங்களுக்கு மாண்டரின் புரியும், கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் புரியாது. திரையின் அடியில் சீன எழுத்தும் ஆங்கில எழுத்தும் ஓடும். வெள்ளை எழுத்து வெள்ளைச் சட்டை மேல் விழுந்தால் காணாமலே போகும். கதாபாத்திரம் பேசி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நிற்கும். அதைப் படித்து எங்களுக்குச் சொல்வது அக்காவின் வேலை. அவள் அப்போது இரண்டாம் படிவம். தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு மலாயில் மூச்சு முட்டி மேலே வந்தவள். ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும்தான்.

ஒருமுறை பக்கத்து இருக்கையில் ஒரு சீனப் பாட்டி உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கால்சட்டை, கையில் பனையோலை விசிறி. அக்கா எங்களுக்குச் சொல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பொறுக்க முடியாமல் அவள் முழங்கையைத் தொட்டு, “டியா சாக்காப் அப்பா?” என்றார். அவன் என்ன சொல்கிறான் என்று மலாயில் கேட்கிறார். அக்கா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. இந்தக் காதில் எங்களுக்குத் தமிழ், அந்தக் காதில் பாட்டிக்குப் பாசார் மலாய். சீனப் படத்தைச் சீனப் பாட்டிக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பெண் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இடைவேளையில் பாட்டி எங்கள் எல்லாருக்கும் குவாச்சி வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஓடியது ‘36ஆவது அறை’. 1978இல் லாவ் கார்-லியுங் இயக்கியது. கோர்டன் லியூ மொட்டைத் தலையோடு சான் டே என்ற துறவியாக வருவார். மஞ்சு ஆட்சியின் கொடுமையில் தன் மனிதர்களை இழந்த ஓர் இளைஞன், காய்கறி வண்டிக்குள் ஒளிந்து ஷாவ்லின் மடத்துக்குள் போகிறான். ஒரு வருடம் வெறுமனே கூட்டிப் பெருக்குகிறான். பிறகுதான், குங்ஃபூ எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்கிறான். மடத்தில் முப்பத்தைந்து அறைகள். எங்கிருந்து தொடங்குகிறாய் என்று கேட்டதும் அவசரப்பட்டு உச்சியிலுள்ள அறைக்கே போய், அங்கே நிற்கக்கூட முடியாமல் திரும்பி, கடைசியில் அடியிலிருந்து ஆரம்பிக்கிறான்.

முதலில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழி. நடுவில் தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகள். அதன் மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோறு. அவன் விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். அக்கா காதில் சொன்னாள்: “ஒடம்பு கனமா இருக்கறதால விழலயாம். மனசு கனமா இருக்காம். வீட்டுல தம்பிய விட்டுட்டு வந்துட்டான்ல.” எனக்கு அப்போதே தொண்டை அடைத்தது. அதற்கடுத்து, இரண்டு கையையும் விரித்தபடி தண்ணீர் வாளி சுமக்கும் அறை. கை தாழ்ந்தால் விலாவில் குத்துவதற்குக் கத்தி கட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஓர் அறை: இரண்டு பக்கமும் ஊதுபத்தி கனன்றுகொண்டிருக்க, தலையை அசைக்காமல் விளக்கின் ஆட்டத்தைக் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். தலைக்கு ஒன்று: தொங்கும் மணல் மூட்டைகளை முட்டிக்கொண்டே போக வேண்டும்.

மணிக்கட்டுக்கும் ஓர் அறை உண்டு. நீளமான கழியின் நுனியில் கனத்தைக் கட்டி, கழியின் அடியைப் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் தூக்கி மணியை அடிக்க வேண்டும். தாளம் தப்பக் கூடாது. முதல் அடியில் சான் டேயின் கை நடுங்கும். கேமரா அவன் கையருகே போகும். நரம்பு புடைக்கும், கழி தாழும். அந்த இடத்தில் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு உதவியாகப் பால் வெட்டப் போவாள் அவள்.

இந்தப் பயிற்சிக் காட்சிகளுக்காகவே லாவ் கார்-லியுங்கை நான் மற்ற எல்லாருக்கும் மேலே வைப்பேன். சாங் சேவும் பெரியவர்தான். அதே 1978இல் அவர் எடுத்த ‘ஐந்து விஷங்கள்’ படத்தில் பூரான், பாம்பு, தேள், பல்லி, தேரை என்று ஐந்து பேர் ஐந்து விதமாகச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, யார் தேள் என்று லாரியில் வரும் வழியெல்லாம் வாதாடியிருக்கிறோம். ஆனால் சாங் சே படத்தில் ரத்தம் சிந்துவதுதான் உச்சம். லாவ் படத்தில் கற்றுக்கொள்வதுதான் உச்சம். அவர் வித்தை கற்றது தன் தகப்பனாரிடம். அந்தத் தகப்பனார் லாம் சாய்-விங்கின் சீடர், லாம் சாய்-விங் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர். கோர்டன் லியூவோ அதே வீட்டில் வளர்ப்புப் பிள்ளை. கை மாறிக் கை மாறி வந்த வித்தையைத்தான் அவர் படமாக்கினார். அதனால்தான் கால் முதல் தலை வரை உடம்பு முழுசாகத் தெரிகிற மாதிரி கேமராவைத் தள்ளி வைத்து, அடியை வெட்டாமல் காட்டினார் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்குப் பிடித்தது வேறு. ‘குடிகாரக் குரு’வில் ஜாக்கி சானை வாட்டி எடுக்கும் அந்தச் சிவந்த மூக்குக் கிழவர். பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே இருக்கும் வாளித் தண்ணீரைச் சின்னத் தேநீர்க் கிண்ணத்தால் மொண்டு மொண்டு மேலே இருக்கும் வாளியில் ஊற்றச் சொல்வார். “அது அவனோட சொந்தத் தாத்தா தம்பி. சொல்லாம மறைச்சி வெச்சிருக்காரு” என்றாள் அக்கா. படத்தில் அப்படி இல்லை, பையனை வழிக்குக் கொண்டுவர அவன் அப்பா வரவழைத்த வாத்தியார் அவர். ஆனால் அக்காவின் சொல்லில் ஒரு பொருத்தம் இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. கிழவராக நடித்த யுவென் சியு-டியென், அந்தப் படத்தை இயக்கிய யுவென் வூ-பிங்கின் சொந்த அப்பா.

புரூஸ் லீயை நாங்கள் பார்த்தது பழைய பிரதிகளில்தான். அவர் 1973 ஜூலை 20இல் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோயிருந்தார். ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யில், நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை என்ற பலகையை அவர் எகிறி உதைத்துத் தூளாக்கும்போது கொட்டகையே எழுந்து நின்றது. எங்கள் வரிசையும் நின்றது. அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று அக்கா அன்றைக்கு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் மூன்று மூங்கில் துண்டுகளை சைக்கிள் டியூப் கீற்றால் கட்டி, சான் டே கண்டுபிடித்த மூன்று துண்டுத் தடி செய்தோம். திடலில் வாளி சுமந்தோம். கொய்யா மரத்தில் தலைகீழாகத் தொங்கினோம். இரவு பத்து மணிக்குத் தோட்டத்தில் மின்சாரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு லயத்து வாசலில், டவுனுக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு அக்கா முழுப் படத்தையும் மறுபடி சொல்வாள். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளரும். சான் டேயின் தம்பிக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தது. இன்னொரு தடவை அவன் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தான்.

மறு வருஷம் அம்மாவுக்கு முதுகு விழுந்துவிட்டது. அக்கா மூன்றாம் படிவம் முடித்து, எஸ்.ஆர்.பி. பரீட்சை எழுதிவிட்டு, அம்மாவின் நிரையை எடுத்துக்கொண்டாள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவாள். விடுமுறை நாட்களில் நானும் மங்கு துடைக்கக் கூடப் போவேன். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அவள் கத்தி மரத்தைச் சுற்றிச் சரிவாக இறங்கும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும், மேலாகப் போனால் பால் வராது. தோளோ முழங்கையோ அசையாது, மணிக்கட்டு மட்டும் கத்தியை இழுத்து இழுத்து விடும். சீவல் சுருண்டு விழுந்த கோட்டில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகப் பொடித்து, சேர்ந்து, வழிந்து மங்கில் சொட்டும். ஒரு மரம் முடிந்ததும் அடுத்த மரம். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். மணியடிக்கும் அறை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அவளிடம் சொன்னதில்லை. காண்டாவாளியைத் தோளில் தூக்கி அவள் ஸ்டோருக்குப் போகும்போது பால் ஒரு துளி தளும்பாது.

நான் ஆறாம் படிவம் வரை படித்தேன். பிறகு கோலாலம்பூரில் வேலை. பல வருஷம் சீனப் படம் எதுவும் பார்க்கவில்லை. 2000த்துக்குப் பிறகு ஷா சகோதரர்களின் 700க்கும் மேற்பட்ட படங்களைச் செலஸ்டியல் பிக்சர்ஸ் வாங்கி, தூசி தட்டி, நிறம் மீட்டு வட்டுகளாக வெளியிட்டது. பிரிக்பீல்ட்ஸில் பிறந்த ஆனந்த கிருஷ்ணனின் குழும நிறுவனம் அது என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. ‘36ஆவது அறை’யை வாங்கி வந்து இரவு தனியாகப் போட்டேன். இப்போது ஆங்கில வரிகள் எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. தண்ணீரில் மரக்கட்டை வந்தது. அவன் விழுந்தான், எழுந்தான். தம்பி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த அறையில் இருக்கும் என்று பார்த்தேன். மணி அறையிலும் இல்லை. படம் முடிந்தது. ரிமோட்டை எடுத்து மறுபடி ஆரம்பத்துக்குப் போனேன். மீன் கடையில், வகுப்பறையில், ஓடும் வழியில், எங்கேயும் இல்லை. சான் டேக்குத் தம்பியே கிடையாது.

போன தீபாவளிக்கு வட்டை எடுத்துக்கொண்டு ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் போனேன். அறுபதைத் தாண்டிவிட்டாள். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருக்கிறாள், மழை நாட்களில் வலிக்குமாம். பேரப்பிள்ளைகள் பட்டாசுக்குப் போனதும் படத்தைப் போட்டேன். எக்காளம் முழங்கியபோது அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். எழுத்து ஓட ஆரம்பித்தது. அவள் உதடு அசைய, வரி வரியாகப் படிக்கத் தொடங்கினாள்.

நான் ரிமோட்டில் எழுத்தை நிறுத்தினேன்.

“என்னா தம்பி, எழுத்து போயிருச்சே?”

“பரவால்லக்கா. என்ன சொல்றான் இவன்?”

திரையில் மரக்கட்டை உருண்டு சான் டே தண்ணீரில் விழுந்தான். அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

“இரு, சொல்றேன். தம்பி சாப்பிட்டிருப்பானான்னு நெனைக்கிறான்.”