யாரை விடுவது, யாரை வைப்பது?

தோட்டம் வைத்திருப்பவனுக்கும், தொழில் நடத்துபவனுக்கும், பிள்ளைகளைப் பெற்ற குடும்பத் தலைவனுக்கும் என்றேனும் ஒருநாள் வந்தே தீரும் கேள்வி ஒன்று உண்டு. கையில் இருப்பவற்றுள் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதே அது. கெடு நெருங்க நெருங்க இக்கேள்வி கூர்மையாகும். விளையாட்டு அணிகளுக்கோ இது ஆண்டுதோறும் வரும் சோதனை. விளையாட்டுச் செய்திக்கு நம் குடும்ப இதழில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பொறுத்துப் படியுங்கள், பேச்சு நம் வீட்டு முற்றத்திற்கே வந்து சேரும்.

2025 நவம்பர் 15 அன்று, ஐ.பி.எல். அணிகள் தாம் தக்கவைக்கும் வீரர்களின் பட்டியலை அளிக்க வேண்டிய கெடு நாளில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்து வீரர் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, அவ்வணியின் தலைவர் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. அன்றிரவு என் பேரன் சோற்றைத் தொடவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. “பாட்டா, ஜடேஜாவை விற்றுவிட்டார்களே! இது துரோகம் இல்லையா?” என்று கேட்டான். “நாளைக்குச் சொல்கிறேன், மக்களே” என்று சொல்லி அவனை உறங்க அனுப்பினேன். தட்டிக்கழிப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. கேள்வி அவ்வளவு எளிதாக எனக்குத் தோன்றவில்லை.

அவன் துயரத்திற்குக் காரணம் இருந்தது. ஜடேஜா 2012-இல் சென்னை அணிக்கு வந்தவர். அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகள் நீங்கலாகப் பன்னிரண்டு பருவங்கள் மஞ்சள் சட்டை அணிந்தவர். 2023-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில், அகமதாபாத்தில் நள்ளிரவு கடந்த வேளையில், கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டங்கள் வேண்டியிருந்தபோது, ஒன்றை ஆறாகவும் மற்றொன்றை நான்காகவும் அடித்து ஐந்தாவது கோப்பையைப் பெற்றுத் தந்தவர். அப்படிப்பட்டவரை விடலாமா?

ஆனால் அணியின் நிலையையும் பார்க்க வேண்டும். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை வென்ற அணி, 2025-இல் பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் பாதியில் விலக, 43 வயதான தோனியே மீண்டும் பொறுப்பேற்க நேர்ந்தது. 9.75 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்ட நம் தமிழ்நாட்டின் அசுவின், அந்தப் பருவம் முடிந்தபின் ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எல். போட்டிகளிலிருந்தே ஓய்வு பெற்றார். ஆறுதல் அளித்தவர்கள் இளைஞர்களே. இருபது வயது நூர் அகமது 24 விக்கெட்டுகளைச் சாய்த்தார். கெய்க்வாட்டின் இடத்திற்கு வந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் குவித்தார். ஆகவே அணியைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்தக் கல்லைப் பெயர்ப்பது என்பதே கேள்வி.

இக்கலையில் பழுத்தவர்கள் அமெரிக்கர். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தில், பருவத்தின் நடுவே, ஏறக்குறைய சூலை மாத இறுதியில், வீரர் பரிமாற்றத்திற்கு ஒரு கெடு உண்டு. தோற்றுக்கொண்டிருக்கும் அணிகள், அனுபவம் முதிர்ந்த தம் நல்ல வீரர்களைக் கோப்பையை நோக்கி ஓடும் அணிகளுக்குக் கொடுத்து, பதிலாக இன்னும் பெயர் பெறாத இளைஞர்களை வாங்கிக்கொள்ளும். சிக்காகோ கப்ஸ் என்னும் அணி 108 ஆண்டுகள் காத்திருந்து 2016-இல் கோப்பையை வென்றது. அவ்வெற்றியின் தூண்களான ரிஸ்ஸோ, பாயெஸ், பிரையன்ட் ஆகிய மூவரையும் 2021 சூலையில் கெடுவுக்குள் வெவ்வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டது. அந்நகரத்துப் பிள்ளைகளும் என் பேரனைப் போலவே அழுதிருப்பார்கள்.

எனினும் அமெரிக்க வழி அப்படியே நமக்குப் பொருந்தாது. ஐ.பி.எல். முறையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து அணிகள் ஏறக்குறைய கலைந்துவிடுகின்றன. 2025-க்கு முந்திய பெரிய ஏலத்தில் ஓர் அணி அதிகமாக ஆறு பேரையே வைத்துக்கொள்ள முடிந்தது. பத்தாண்டுத் திட்டம் தீட்டி இளைஞரை வளர்ப்பவன், பயன் கிடைக்கும் வேளையில் பாதிப் பேரை இழப்பான். எனவே இங்கே மறுகட்டுமானம் என்றால் இரண்டு, மூன்று பருவக் கணக்கே.

நம் மாவட்டத்தில் ரப்பர் வைத்திருக்கும் எவருக்கும் இக்கணக்கு புரியும். கன்று நட்டால் பால் காண ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். பின்னர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பலன். அதற்குமேல் மரம் நின்றாலும் பால் குறையும். பழைய மரம் என்ற பாசத்தால் வெட்டாமல் வைத்திருப்பவன், பத்தாண்டு கழித்துப் பிள்ளைகளுக்கு வெறுந்தோட்டத்தைத் தருவான். அவசரப்பட்டு முழுத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் வெட்டுபவனோ ஏழு ஆண்டுகள் அடுப்பெரியக் கடன் வாங்குவான். அறிவுள்ளவன் பகுதி பகுதியாக வெட்டி, இளங்கன்றுகளுக்கிடையே வாழையும் அன்னாசியும் வைத்து அன்றாடச் செலவைப் பார்த்துக்கொள்வான்.

மறுநாள் பேரனை அருகில் இருத்தி, மூன்று அளவுகோல்களைச் சொன்னேன்.

முதலாவது, நமக்கு வேண்டிய காலத்தில் அவருடைய நல்ல காலம் இருக்குமா என்பது. ஜடேஜாவுக்கு அப்போது 37 வயது நிறையும் தறுவாய். சஞ்சுவுக்கு 31. அணி மீண்டெழ இரண்டு பருவம் ஆகும் என்றால் எவர் அருகில் இருப்பது நல்லது? மேலும், தோனிக்குப் பின் விக்கெட்டைக் காக்க ஓர் ஆள் வேண்டும் என்ற குறை நெடுநாளாகவே இருந்தது.

இரண்டாவது, அவருக்கு இன்னும் மதிப்பு உள்ளபோதே விடுவது. எவரும் வேண்டாத நிலை வரும்வரை வைத்திருந்து பின் கைவிடுவது அணிக்கும் நன்றன்று, அவருக்கும் பெருமையன்று. 14 கோடி ரூபாய் மதிப்பில், தம் ஐ.பி.எல். வாழ்வை 2008-இல் தொடங்கிய அதே ராஜஸ்தான் அணிக்கே ஜடேஜா திரும்பினார். வேண்டி அழைக்கப்பட்டவராகப் போனார், தள்ளப்பட்டவராகப் போகவில்லை. இத்தகைய பரிமாற்றத்திற்கு வீரரின் இசைவு வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இசைந்து பிரிவதைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது, இளையவன் ஒருவன் காயத்தாலோ தளர்ச்சியாலோ தாழ்ந்திருக்கும் வேளையில் அவனை விடலாகாது. இங்கேதான் சென்னை அணியோடு நான் மாறுபடுகிறேன். 13 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்திருந்த இலங்கை இளைஞர் மதீச பத்திரணவை, ஒரு மங்கலான பருவத்தைக் கண்டு, 22 வயதிலேயே விடுவித்தது. டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை 18 கோடிக்கு எடுத்தது. அப்பணத்தை மிச்சம்பிடித்த சென்னை அணி, இந்திய அணிக்கு ஒருமுறையும் ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களை ஆளுக்கு 14.2 கோடி கொடுத்து வாங்கியது. புதுக்கன்று நட்டது நல்லதே. ஆனால் பால் தரத் தொடங்கிவிட்ட இளமரத்தை வெட்டிய குழியில் அதை நட வேண்டுமா? முதிர்ந்தவரை விட்டதற்காக அழுத என் பேரன், இளையவரை விட்டதற்காக அழவில்லை. உண்மையில் வருந்தத்தக்கது இரண்டாவதே என்று அவனிடம் சொன்னேன்.

“சஞ்சு யார், பாட்டா?” என்றான். நம் கடற்கரையோடு நீரோடியைத் தாண்டி, பொழியூர், பூவாறு கடந்து வடக்கே சென்றால், விழிஞத்திற்கு இப்பால் புல்லுவிளை என்னும் கடலோரச் சிற்றூர் இருக்கிறது. சஞ்சு அங்கே பிறந்தவர். தந்தையார் டில்லிக் காவல்துறையில் பணியாற்றிய கால்பந்து வீரர் என்றேன். “அப்படியானால் நம் பக்கத்து ஊர்க்காரர்தானே!” என்று அவன் முகம் மலர்ந்தது. சிறுவரின் துயரத்திற்கு ஆண்டவர் வைத்திருக்கும் மருந்து எளியது.

இவ்வளவும் கோடிகளின் கதை. ஆனால் இக்கேள்வி கோடியில்லாத இடத்திலும் வரும். எங்கள் பங்கின் இளைஞர் கால்பந்து அணி, சுற்று வட்டாரத் திருவிழாப் போட்டிகளில் மூன்று ஆண்டுகளாக முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தது. கால்பந்து நம் மாவட்டத்தில், சிறப்பாகக் கடலோரத்தில், எத்துணை ஆழமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரவிபுத்தன்துறையில் வளர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, சாம்செட்பூர், கொல்கத்தா எனப் பெரிய அணிகளில் ஆடியதை அறிவோம். இப்படிப்பட்ட மண்ணில் தோல்வி எளிதில் செரிக்காது. பெயர் கொடுக்கும் கெடு நாளுக்கு முந்தின ஞாயிறு, திருப்பலிக்குப் பின் குழு கூடியது. மூத்தவன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள்.

இருபதாண்டு காலம் பின்காவல் ஆடிய ஒருவரை நீக்க வேண்டும் என்று இளைஞர்கள் கூறினார்கள். வயது நாற்பதை நெருங்கியவர். விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. ஓட்டத்தில் வேகம் குறைந்துவிட்டது. அவரைக் கடந்துதான் கோல்கள் விழுந்தன. இது உண்மை. அவருடைய இடத்திற்கு வெளியூரிலிருந்து கூலி கொடுத்து ஓர் ஆட்டக்காரரை இறக்கலாம் என்றார் ஒருவர். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் பட்டியலில் பெயரை விட்டுவிட்டால் போதும், அவரே புரிந்துகொள்வார் என்றார் இன்னொருவர்.

நான் இரண்டையும் மறுத்தேன். நீக்குவதை மறுக்கவில்லை. பாசத்திற்காக அவரை வைத்திருந்தால் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் வெளியே உட்கார வேண்டும். அது அவனுக்குச் செய்யும் அநீதி. ஆனால் அந்த இடம் எங்கள் பங்கின் பிள்ளைக்கே போக வேண்டும், கூலி ஆளுக்கு அன்று. செய்தியை அவருடைய முகத்தைப் பார்த்து, அவருடைய வீட்டிற்குச் சென்று, சுவரில் பட்டியல் ஒட்டப்படுமுன் சொல்ல வேண்டும். அவர் அறிந்த கலையைச் சிறுவருக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் தர வேண்டும். மாலை ஐந்து மணிக்குமேல் அவருக்கு ஓய்வுண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

பங்குத்தந்தையும் நானும் அன்று மாலையே சென்றோம். அவர் நீண்ட நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “நேரில் வந்து சொன்னீர்களே, சார், அது போதும். பட்டியலைப் பார்த்து அறிந்திருந்தால் இனி அந்த மைதானத்தில் கால் வைத்திருக்க மாட்டேன்” என்றார். அவருடைய மனைவி எங்களுக்குக் கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தார். அவ்வாண்டும் எங்கள் அணி வெல்லவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் தோற்றது. ஆயினும் அந்தப் பின்காவலர் கோட்டிற்கு வெளியே நின்று, தம் இடத்தில் ஆடிய பிள்ளையைப் பெயர் சொல்லி வழிநடத்திக்கொண்டிருந்தார்.

லூக்கா நற்செய்தியில் வரும் அத்திமர உவமையை நாம் அறிவோம். மூன்று ஆண்டுகள் கனியில்லாத மரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். இவ்வுவமையை மறையுரைகளில் கேட்கும்போதெல்லாம் நாம் இரக்கத்தை மட்டும் பார்க்கிறோம். தோட்டக்காரர் மண்ணைக் கொத்தி எரு போடும் உழைப்பைத் தம் பொறுப்பாக ஏற்கிறார். கனி தராவிடில் அப்போது வெட்டலாம் என்று ஒரு கெடுவையும் ஒப்புக்கொள்கிறார். உழைப்பும் கெடுவும் உள்ள இரக்கம் அது. வெட்டச் சொல்வது எளிது. வெட்டவே வேண்டாம் என்பதும் எளிது. எரு கொண்டுவருபவரே குறைவு.

விலை என்பது காலத்தோடு ஏறி இறங்கும். மாண்பு இறங்காது, அது இறைவன் தந்தது. அணியில் இடம் விலையைப் பொறுத்தது. அதை மறுப்பவன் அணியை அழிப்பான். குடும்பத்தில் இடமோ மாண்பைப் பொறுத்தது. குடும்பத்தை அணிபோல் நடத்துபவன் குடும்பத்தை அழிப்பான். இன்று நம் இல்லங்களில், முதிர்ந்த பெற்றோரை எந்தப் பிள்ளை எத்தனை மாதம் வைத்துக்கொள்வது என்று பங்கு பிரிக்கும் பேச்சு கேட்கத் தொடங்கியிருக்கிறது. அங்கே நான் சொன்ன மூன்று அளவுகோல்களும் செல்லா. பெற்றோருக்குக் கெடு நாளும் இல்லை, பரிமாற்றமும் இல்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்க்கும்போது அருகில் அமருங்கள். இது வீண்பொழுது என்று எழுந்து போய்விடாதீர்கள். ஒருவரை விடும்போது எப்படி விட வேண்டும், எவரை ஒருபோதும் விடலாகாது என்பதை அப்போது அவர்களுக்குச் சொல்லுங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளை காது கொடுத்துக் கேட்பான்.