குதிகால் வலியும் பொதிகை டிக்கெட்டும்

நேத்து சாயங்காலம் ஓ.பி.ல இலத்தூர்ல இருந்து ஒரு அப்பா, நாலாங்கிளாஸ் பையனோட வந்தார். பையன் நொண்டிக்கிட்டே வந்தான். குதிகால் வலி.

"அடுத்த வாரம் சென்னையில பேட்மின்டன் டோர்னமென்ட் டாக்டர். பொதிகையில டிக்கெட் போட்டாச்சு. ஒரு ஊசி போட்டு விட்ருங்க."

குதிகாலை ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கினேன், துள்ளிட்டான். செவர்ஸ் டிசீஸ். பேரைக் கேட்டு பயந்துடாதீங்க. வளர்ற வயசுல குதிகால் எலும்பின் பின்பக்கம் குருத்தெலும்பா ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும். ஓடிக் குதிக்கிறப்போ கெண்டைக்கால் தசைநார் அதை இழுத்துக்கிட்டே இருக்கும். விட்டா தானா சரியாகும். ஊசி கிடையாது, ஓய்வுதான்.

இவனுக்கு எங்க ஓய்வு? வாரம் ஆறு நாள் கோச்சிங். ஞாயித்துக்கிழமை மதுரை, இல்லன்னா கோவை. போன டோர்னமென்ட்டுக்கு அம்மா வளையல் அடகுக்குப் போயிருக்கு.

வாரம் 1–2 நாள் லீவு கட்டாயம், ஒரே விளையாட்டுல இறங்குறதை 15, 16 வயசு வரைக்கும் தள்ளிப் போடுங்கன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2016-லயே சொல்லிடுச்சு. நார்வேயில 13 வயசு ஆகுற வருஷம் வரைக்கும் தேசிய சாம்பியன்ஷிப்பே கிடையாது. குளிர்கால ஒலிம்பிக்ல பதக்கத்தை அள்ளுற நாடுங்க அது!

போட்டியே வேண்டாம்னு சொல்லல. தென்காசிக்குள்ளயே ஆடட்டும். தோத்தாலும் ராத்திரி வீட்டுச் சோறு.

எல்லாம் சொல்லி முடிச்சேன். பையன் மெதுவா கேட்டான்: "அப்போ ஞாயித்துக்கெழம குளத்துக்குப் போவமாப்பா?"

அப்பா பதில் சொல்லல. டிக்கெட்டை கேன்சல் பண்ணா எவ்வளவு பிடிப்பாங்கன்னு போன்ல பாத்துக்கிட்டு இருந்தார்.