உலக்கைப் பூண்

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்து உலக்கை ஏதாவது கிடக்கிறதா? அதன் அடியில் ஓர் இரும்புப் பூண் இருக்குமே, எதற்குத் தெரியுமா? நெல் குத்தத்தான் என்பீர்கள். குத்தும் வேகத்தில் மரம் பிளந்து போகாமல் இறுக்கிப் பிடிப்பதும் அதுதான்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஆறு தாண்டாமல் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து பாலம். என் அண்ணன் மகள் பாலம் கட்டும் இன்ஜினீயர். "பாலத்து உத்தரத்தில் எந்த இடத்துக்கு நீ ரொம்பப் பயப்படுவாய்? நடுவுக்கா?" என்று கேட்டேன். "இல்லை அத்தை, முனைக்கு!" என்றாள்.

கான்கிரீட் நசுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஆகவே உள்ளே எஃகுக் கம்பிகளை ஓட்டி, விறைப்பாக இழுத்து, முனைகளில் பூட்டி விடுகிறார்கள். பாரம் ஏறுமுன்பே உத்தரம் இறுகி நிற்கிறது. இதற்கு முன்தகைவுக் கான்கிரீட் என்று பெயர். பிரெஞ்சுக்காரரான பிரெய்சினே 1928-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பியைப் பூட்டும் கூம்பு ஆப்பை 1939-ல் கொண்டு வந்தார். நம் நாட்டில் இவ்வகையில் முதல் சாலைப் பாலம், 1954-ல் செங்கற்பட்டு அருகே பாலாற்றில் கட்டியதுதான்.

ஐந்து மில்லிமீட்டர் கம்பி 12 சேர்ந்த ஒரு கட்டு, 20 டன்னுக்கு மேல் இழுக்கும். 75 கிலோ அரிசி மூட்டையாகச் சொன்னால் 260-க்கு மேல்! அத்தனையும் உள்ளங்கை அகலப் பூட்டில் வந்து அழுத்துகிறது. அழுத்தம் உள்ளே போகப் போக விசிறி மாதிரி விரிகிறது. விரியும்போது, விறகில் அடித்த ஆப்பைப் போல் கான்கிரீட்டைப் பிளக்கப் பார்க்கிறது. 20 டன்னில் நாலு டன் வரை இப்படிக் குறுக்கே திரும்பக் கூடும். உத்தரம் எவ்வளவு உயரமோ, முனையிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்கு இந்த ஆபத்து உண்டு. அதற்காகத்தான் பூட்டைச் சுற்றிக் கம்பிச் சுருளும், நெருக்கமான வளையங்களும் வைக்கிறார்கள். உலக்கைப் பூண்தான், வேறென்ன?

ஒரு வேலையில் அந்தச் சுருளை வைக்காமலே கான்கிரீட் கொட்ட ஆயத்தமாகி விட்டதாம். "மூடிவிட்டால் யாருக்கு அம்மா தெரியப் போகிறது?" என்றாராம் மேஸ்திரி. இவள் வேலையை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் போயிற்று. நாலு பேரிடம் பொல்லாப்பும் வந்து சேர்ந்தது.

அவர் சொன்னதும் உண்மைதான். பாலத்தில் போகிற யாருக்கும் அந்தச் சுருள் தெரியாது. பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியதும் இல்லையே!