தேள்பிடி

என் தம்பியைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கல்யாண வீடு, பொங்கல், ரயில் பயணம் என்று நாலு பேர் சேர்ந்தால் சொல்லிவிடுவேன். 28 வருடம் சொல்லியிருக்கிறேன்.

1997. எனக்கு 14 வயது, அவனுக்கு 10. மதுரையில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோர் கையிலும் டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்த டிரம்ப் கார்டு இருக்கும். யாருக்கு எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு மார்பளவு என்பதெல்லாம் வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். எல்லாம் முன்னாடியே பேசி வைத்த ஆட்டம் என்று மாடிவீட்டு மாமா சொன்னதை நாங்கள் நம்பவே இல்லை.

காலாண்டு விடுமுறையில் ஒரு வாடகை கேசட் கிடைத்தது. அந்த மார்ச் 23ஆம் தேதி சிகாகோ பக்கத்தில் நடந்த ரெஸில்மேனியா 13. பிரெட் ஹார்ட்டும் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதினார்கள். தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணினால் செல்லாது, எதிராளியே தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. கடைசியில் ஹார்ட் தன் ஷார்ப்ஷூட்டரைப் போட்டார். எதிராளியின் கால்களைப் பின்னி, ஆளைக் குப்புறப் புரட்டி, முதுகுப் பக்கமாக இழுத்து உட்காரும் பிடி. ஜப்பானில் ரிக்கி சோஷூ போட்டு பிரபலமானது. அங்கே அதற்குத் தேள்பிடி என்றே பெயர். பின்னால் வளைந்து நிற்கும் கால்களைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஆஸ்டினின் நெற்றியில் இருந்து வழிந்த ரத்தம் பல் இடுக்கெல்லாம் நிறைந்திருந்தது. நடுவர் கென் ஷாம்ராக் தரையோடு தரையாகக் குனிந்து, விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்டின் சொல்லவில்லை. மயங்கிப் போனார். ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்தினார். ஜெயித்தவர் ஹார்ட். ஆனால் கூட்டம் கத்தியது, தூக்கிவிட வந்தவரையும் அடித்துவிட்டுத் தனியாக நொண்டிக்கொண்டு போன ஆஸ்டினுக்காக.

“ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்டா” என்றேன் தம்பியிடம். அவன் தலையாட்டினான்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் கோரைப்பாயை விரித்தேன். மூத்தவன் கையில்தானே வேஷம் பிரிக்கிற உரிமை! நான் ஹார்ட், அவன் ஆஸ்டின். வர்ணனையும் நானே. தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, அவன் கால்களைப் பின்னிப் புரட்டி உட்கார்ந்தேன். இடையிடையே “சொல்றா, தோத்துட்டேன்னு சொல்றா” என்றேன். அவன் சொல்லவில்லை. எனக்கு வெறி ஏறியது. இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தேன்.

தட்டை முறுக்கை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

புரட்டிப் பார்த்தபோது அவன் கன்னத்திலும் உதட்டிலும் பாயின் வரிகள் சிவப்புச் சிவப்பாகப் பதிந்திருந்தன. முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தவன், அதற்குப் பிறகு எதற்கும் ஓடவில்லை. சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டேன் என்று அப்பாவிடம் அவனே சொல்லிவிட்டான். அவன் கல்யாணத்தில் மணவறையில் காலை மடக்க முடியாமல் முக்காலி போட்டு உட்கார்ந்தான். மாப்பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை என்று பெண்வீட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். பந்தியில் அவர்களுக்கும் நான் அந்தக் கதையைச் சொன்னேன். கால் ஒடிஞ்சாலும் ஒரு வார்த்தை வரல இவன் வாயிலேருந்து. கன்னத்துப் பாய்வரியையும் விடாமல் சொல்வேன். அந்த இடத்தில் கேட்கிறவர்கள் கண்டிப்பாக ‘ச்சே’ என்பார்கள்.

பிற்பாடு ஒன்று படித்தேன். தன்னோடு மோதிய யாரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்பதுதான் பிரெட் ஹார்ட் திரும்பத் திரும்பச் சொல்லும் பெருமையாம். பிடி போடுகிறவன் கையில்தான் எதிராளியின் உடம்பு இருக்கிறது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை. தம்பியிடமிருந்து போன்.

“அண்ணே, சீனா தட்டிட்டாப்ல.”

விட்டுக்கொடுக்காதே என்று சட்டையிலேயே அச்சடித்துக்கொண்டு திரிந்த ஜான் சீனா, தன் கடைசி ஆட்டத்தில் குந்தர் கழுத்தை இறுக்கியபோது, தோற்றேன் என்று கையால் தட்டிவிட்டார். 2003இல் கர்ட் ஆங்கிளிடமும் தட்டியவர்தான். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

“பாத்தியா, நீ அவனைவிடப் பெரிய ஆளுடா. நீ சொல்லவே இல்லையே” என்று சிரித்தேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு விசில்.

“நான் சொன்னேன்ணே.”

“என்னத்த?”

“தோத்துட்டேன்னு. மூணு தடவை சொன்னேன். வாய் பாயில அழுந்திக் கெடந்துச்சு. நீ இங்கிலீஷ்ல கத்திக்கிட்டிருந்த.”

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். உதட்டில் பதிந்திருந்த வரிகள். கன்னத்தில் சரி, உதட்டில் எப்படிப் பதியும் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை.

“ஏன்டா இவ்வளவு நாளா சொல்லல?”

“கட்டுப் பிரிச்சு ஸ்கூலுக்குப் போனா எல்லாப் பயலும் ஆஸ்டின், ஆஸ்டின்னான். நீ சொல்லி வச்சது. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எங்கிட்டு மாத்துறது?” அவனே சிரித்தான். “மாண்ட்ரியல் ஞாபகம் இருக்காண்ணே? எனக்கு அது உல்டாவா நடந்துருச்சு.”

இருக்கிறது. அதே 1997, நவம்பர் 9. ஹார்ட்டின் பிடியை ஷான் மைக்கேல்ஸ் அவருக்கே போட்டார். ஹார்ட் விட்டுக்கொடுக்கவே இல்லை. முதலாளி வின்ஸ் மக்மேன் மணியை அடிக்கச் சொல்ல, ஹார்ட் தோற்றதாக அறிவித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் பொங்கலுக்கு எல்லோரும் ஒன்றுகூடினோம். ராத்திரி மொட்டை மாடியில் சித்தி பேரன் ஒருவன், “பெரியப்பா, அந்த மல்யுத்தக் கதை சொல்லுங்க” என்றான். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் காலை ஸ்டூலில் நீட்டி வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

“சொல்லுண்ணே” என்றான், தலை நிமிராமல்.